அடியில் தங்குவது

இன்னும் பதினாலு நிமிஷம் பாக்கி இருந்தது, அதற்குள் வயிறு பிசைய ஆரம்பித்துவிட்டது. மொட்டை மாடியில் சட்டை இல்லாமல் நின்ற பிரசன்னா, கீழே கக்கூஸ் வரைக்கும் போகிற வழியை மனசுக்குள் ஒரு தடவை ஓடிப் பார்த்தான். இருபத்திரண்டு படி. முற்றத்தில் எட்டுத் தப்படி. கதவுத் தாழ்ப்பாள் இறுக்கம், அதற்கு மூணு விநாடி. ஓடினால் சேர்ந்துவிடலாம், நடந்தால் அநேகமாகச் சேர்ந்துவிடலாம், ஆனால் அந்த அநேகமாகவை நம்பித்தான் பதினொன்றாம் வகுப்பில், கெமிஸ்ட்ரி பீரியடில், ரெண்டாவது பெஞ்சில், சரி, அது வேண்டாம், அதை நினைத்தால் வயிறு உடனே காதைத் தீட்டிக்கொண்டு கேட்கும். வேறு எதையாவது நினை. வெயிலை நினை. வெயிலில் நிற்கத்தானே அனுப்பியிருக்கிறார்கள். கைப்பிடிச்சுவர் மேல் செல்போன் இருபதிலிருந்து பின்னால் எண்ணிக்கொண்டு கிடந்தது. பதிமூணு ஐம்பத்தெட்டு. பதிமூணு ஐம்பத்தேழு. முதுகு தோசைக்கல் மாதிரி காய்ந்தது. பக்கத்து மாடியில் துணி காயப்போட வந்த பொம்பளை இவனைப் பார்த்தாள், பார்க்காத மாதிரி ஈரச் சேலையை உதறினாள், சேலைக்கு அந்தப் பக்கம் போனதும் நிச்சயம் மறுபடி பார்த்திருப்பாள். பதினெட்டு வயசுப் பையன், விலா எலும்பை எண்ணலாம், ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு வெயிலில் அப்பளம் மாதிரி காய்கிறான் என்று வீட்டுக்காரனிடம் சொல்லிச் சிரிப்பாள். சிரிக்கட்டும். அருப்புக்கோட்டைக்காரன் உடம்பில் வெயில் பத்தவில்லை என்று மதுரையில் ஒரு டாக்டர் சொன்னால் ஊர் சிரிக்காமல் என்ன செய்யும். இந்த ஊரில் வெயிலைத் தவிர வேறு என்ன இருக்கிறது. தார் ரோட்டில் செருப்பு ஒட்டிக்கொள்ளும். நாய்கூட நிழலுக்கு நிழல் தாவித்தான் தெருவைக் கடக்கும். ஆனால் டாக்டர் சொல்கிற வரைக்கும் பதினாலு மாசமாக அவன் வெயிலில் நிற்கவே இல்லை என்பதும் உண்மைதான். கக்கூஸ் இல்லாத இடத்துக்குப் போவதில்லை என்று முடிவு பண்ணிவிட்டால் ஒரு மனுஷனுக்குப் போக என்ன இடம் மிஞ்சும்? பள்ளிக்கூடம் போச்சு. கிரவுண்டு போச்சு. பஸ் போச்சு. மிஞ்சினது ஒரு அறை, ஒரு ஜன்னல். அந்த ஜன்னலையும் சாத்திவைத்தான், ஏனென்றால் தெருவில் போகிறவனெல்லாம் என்னடா ஸ்கூலுக்குப் போகலையா என்று கேட்டான்.

டாக்டர் சின்ன வயசுக்காரி, கண்ணாடி போட்டவர், வேகமாகப் பேசுவார். கீழ்வழியாக கேமரா விட்டு எடுத்த படத்தைத் திருப்பிக் காட்டி, "பாத்தியா, உள்ளே எவ்வளவு சிவந்து கெடக்கு" என்றார். பார்த்தான். சிவப்பாகத்தான் இருந்தது. ஆனால் அது யாருடைய குடல் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? அவன் மயக்கத்தில் கிடந்தான். எல்லோருக்கும் அந்த ஒரே படத்தையே காட்டுகிறார்களோ என்னவோ. பெயர் ஒன்று சொன்னார், அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், பெருங்குடலில் புண், வந்தால் சீக்கிரம் போகாது, ஆனால் அடங்கும். அப்புறம் ரத்தப் பரிசோதனைத் தாளைத் தட்டி, "விட்டமின் டி முப்பதாவது இருக்கணும். உனக்கு ஒன்பது. வீட்டை விட்டு வெளியவே வர்றதில்லையா?" என்றார். குடல் புண்ணாக இருந்தால் விட்டமினை உறிஞ்சாதாம், விட்டமின் இல்லாவிட்டால் புண் ஆறுவதற்கு மக்கர் பண்ணுமாம். "இதுல எது முதல்ல வந்துச்சு?" என்று கேட்டான். "தெரியலப்பா, எனக்கு மட்டுமில்லை, யாருக்குமே சரியாத் தெரியாது" என்றார். அப்போதே அவனுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. இவ்வளவு தூரம் ஒரு கையில் பாலித்தீன் பையும் மறு கையில் மாற்றுக் கால்சட்டையுமாக பஸ்ஸில் வந்தது, தெரியாது என்று ஒருத்தர் வாயால் கேட்கவா? எழுதிக் கொடுத்தது மூன்று. மாத்திரை காலையில் ரெண்டு, ராத்திரி ரெண்டு, அதுதான் முக்கியம், நிறுத்தவே கூடாது. பொடி வாரம் ஒன்று, மறக்காமல் இருக்க ஞாயிற்றுக்கிழமை என்று வைத்துக்கொள், பால் ஒத்துக்கொண்டால் பாலில், இல்லையென்றால் தண்ணியில். அப்புறம் வெயில். "உன் நிழல் உன்னைவிடக் குட்டையா இருக்கற நேரத்துல நில்லு. அதான் கணக்கு." இப்போது குனிந்து பார்த்தான். நிழல் இடுப்பு உயரம்தான் இருந்தது, காலடியில் நாய்க்குட்டி மாதிரி சுருண்டுகொண்டு. செல்போனில் பத்து நாற்பது. வயிறு ஒரு தடவை முறுக்கி, விட்டது. விட்டால் நல்லது என்று அர்த்தமில்லை. அது மூச்சு வாங்குகிறது, அவ்வளவுதான்.

மாத்திரையை அவன் ஒழுங்காகத்தான் தின்றான், பன்னிரண்டு நாள். பதிமூன்றாம் நாள் கக்கூஸில் குனிந்து பார்த்தபோது மாத்திரை கிடந்தது. அரை குறையாக இல்லை, முழுசாக, அதே செங்கல் நிறத்தில், கடைக்காரன் கொடுத்த மாதிரியே. வாய் வழியாகப் போனது ஊர் சுற்றிப் பார்த்துவிட்டு அந்தப் பக்கம் இறங்கிப் போயிருக்கிறது. அவனுக்குச் சிரிப்பு வந்தது, அப்புறம் பயம் வந்தது, அப்புறம் ஆத்திரம். அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினான். காட்டியிருக்கக் கூடாது. அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு ரொம்ப நேரம் அதையே பார்த்தாள். பிறகு, ஏதோ ரொம்ப நாளாகத் தேடின சாவி கிடைத்த மாதிரி, "ஒடம்பு ஏத்துக்க மாட்டேங்குது. ஏத்துக்காதுடா. உள்ள ஏற்கெனவே ஒண்ணு குந்தியிருக்கு" என்றாள். மறுநாளே சாத்தூர் தாண்டி ஒரு கிராமத்துக்குக் கூட்டிப்போனாள், சாப்பாட்டில் செய்வினை மருந்து வைத்துக் கொடுத்ததை வயிற்றிலிருந்து எடுக்கிற பொம்பளை ஒருத்தியிடம். மஞ்சள் சேலை, வெற்றிலை போட்ட வாய், முன்னால் ஒரு தட்டில் சாம்பல். ஒரு பித்தளைக் குழாயைத் தொப்புளில் வைத்து மறு முனையில் வாயை வைத்து உறிஞ்சினாள். உயிர் போகிற மாதிரி வலி. அப்புறம் சாம்பலில் துப்பினாள், ஒரு உருண்டை, சாம்பல் நிறம், ரப்பர் மாதிரி, அதில் ஒரு முடி சுற்றியிருந்தது. அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஆனால் பிரசன்னா பார்த்தான், குழாயில் வாயை வைப்பதற்கு முன்னாலேயே அந்தப் பொம்பளைக்கு இடது கன்னம் உப்பியிருந்தது. வெற்றிலையாக இருக்கலாம். இருக்கலாம்தான். "வெள்ளையா ஒண்ணு. இனிப்பா ஒண்ணு. ஒறவுக்காரி கையால தின்னது" என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள் அவள். "பாயசம்!" என்று அம்மா கத்தினாள். "ஒங்க வூட்டு வாசப்படிய தெனமும் மிதிக்கிறவ." "எங்க நாத்தனா!" கேள்வி அவள் கேட்கவே இல்லை, எல்லாப் பதிலையும் அம்மாவே சொன்னாள். எந்த வீட்டில்தான் உறவுக்காரி பாயசம் கொடுக்காமல் இருந்திருக்கிறாள். நாற்பத்தெட்டு நாளைக்கு இங்கிலீஷ் மருந்து ஆகாது, பாதி வெளியே வந்திருக்கிறது, மீதி வேர் விட்டுக் கிடக்கிறது, ஒரு மாசம் கழித்து மறுபடி வரணும் என்றாள் அந்தப் பொம்பளை. திரும்பி வரும்போது பஸ்ஸில், "அந்தம்மா வாயில முன்னாடியே வச்சிருந்துச்சும்மா" என்று மெதுவாகச் சொன்னான். அம்மா தொடையில் சுரீரென்று கிள்ளினாள். "வாயக் கழுவு. சந்தேகப்பட்டா மறுபடியும் ஒட்டிக்கும்." ஒரு ஆளையும் நம்பாத அம்மா, கறிவேப்பிலைக்காரியிடம்கூடக் கட்டைப் பிரித்துப் பார்த்து வாங்குகிற அம்மா, அந்த உருண்டையை மட்டும் எப்படி நம்பினாள். வெயிலை நிறுத்தவில்லை, ஏனென்றால் வெயில் இங்கிலீஷ் மருந்து இல்லை. மாத்திரையும் பொடியும் அன்றைக்கே குப்பைக் கூடைக்குப் போய்விட்டன. அவனும் சும்மா இருந்தான். ஏன் சும்மா இருந்தான் என்று யாராவது கேட்டால், அதான் மாத்திரை முழுசா வந்ததே என்று சொல்லலாம். நிஜம் என்னவென்றால் அவனுக்கு அலுத்துவிட்டது.

ஒன்பது பன்னிரண்டு. கீழே பின்கட்டில் தையல் மிஷின் ஓடுகிற சத்தம் நின்றது. நின்றால் என்ன அர்த்தம் என்று அவனுக்குத் தெரியும். இந்திராணி அத்தை எழுந்துவிட்டாள். அப்பாவுக்கு அக்கா, அதே காம்பவுண்டில் பின்கட்டில் தனியாக இருக்கிறாள், ஜாக்கெட் தைக்கிறாள், எந்நேரமும் கழுத்தில் அளவெடுக்கிற இஞ்சி டேப். அவளைப் பற்றி அம்மா ஒரு கேஸே கட்டி வைத்திருந்தாள், வக்கீல் தோற்றுப்போவான். கல்யாணமாகி எட்டே மாசத்தில் புருஷன் வீட்டுக்காரர்கள் கொண்டுவந்து விட்டுவிட்டார்கள், காரணம் இன்றுவரைக்கும் யாருக்கும் தெரியாது, ஒன்றுமில்லாமலா விடுவார்கள்? தனக்குப் பிள்ளை இல்லாதவளுக்கு அடுத்தவள் பிள்ளையைப் பார்த்தால் வயிறு எரியாதா? அதாவது போகட்டும், எந்த விசேஷத்துக்குப் போனாலும் பந்தியில் உட்கார மாட்டாள், எல்லோருக்கும் பரிமாறுவாள், தான் ஒரு வாய் தொடமாட்டாள். "ஏன் தின்ன மாட்டேங்கறா? அதுல என்ன கெடக்குன்னு அவளுக்குத்தானடா தெரியும்!" இதை முதலில் கேட்டபோது அவனுக்கு முதுகு சிலிர்த்தது, ஏனென்றால் அது உண்மை, அத்தை எங்கேயும் சாப்பிட்டு அவன் பார்த்ததே இல்லை. மண்டபத்தில் வாசல் பக்கத்து நாற்காலியில்தான் உட்காருவாள், நடுவில் காணாமல் போவாள், எங்கே போனாய் என்றால் சிரிப்பாள். ரெண்டு வருஷத்துக்கு முன்னால் பொங்கலுக்கு அவனை உட்காரவைத்துச் சேமியா பாயசம் கொடுத்தாள், அதற்கு மூன்றாம் மாசம் முதல் ரத்தம். எல்லாவற்றுக்கும் மேலே, அம்மா கண்ணாலே கண்டது. மருந்தைக் குப்பையில் போட்ட அன்றைக்குச் சாயங்காலம் அத்தை அந்தக் குப்பைக் கூடைக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள். அம்மா அடுப்படி ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறாள். "முடிக்கும் நகத்துக்கும்தான் தேடுறா. வேற எதுக்கு ஒருத்தி குப்பையக் கிண்டுவா, சொல்லு பாப்போம்." அன்றிலிருந்து அம்மா அவன் வெட்டுகிற நகத்தைப் பேப்பரில் மடித்து அடுப்பில் போடுகிறாள்.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் அத்தை முதல் தடவை பால் டம்ளரோடு மாடிக்கு வந்தாள். அவன் கீழே ஓடி அம்மாவிடம் சொன்னான். அம்மாவின் முகம் வெளுத்தது, ஆனால் சண்டைக்குப் போகவில்லை. அப்பா லாரியோடு குஜராத் பக்கம் கிடக்கிறார், போனில் என்ன வேண்டுமானாலும் பண்ணுங்கள், எங்க அக்காகிட்ட மட்டும் வம்புக்குப் போகாதீங்க என்று அடித்துச் சொல்லியிருக்கிறார். அதனால் அம்மா யோசித்தாள். யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தாள். "வேண்டாம்னு சொல்லாத. சொன்னா உஷாராயிடுவா, வேற வழி பாப்பா. சிரிச்சுக்கிட்டே வாங்கிக்கோ. அவ எறங்கினதும் டேங்குக்குப் பின்னால ஊத்து, டம்ளரக் கழுவிக் குடுத்துடு." நாலு ஞாயிறு அப்படித்தான் நடந்தது. ஊற்றும்போது கை கொஞ்சம் கூசும், பால் இல்லையா. ரெண்டாவது வாரம் அவன் அங்கேயே குந்தி உட்கார்ந்து எறும்புக்கு என்ன ஆகிறது என்று பார்த்தான். விஷமாக இருந்தால் சாகணும். கருப்பு எறும்பு, வரிசை கட்டி வந்து, குடித்து, வரிசை கட்டித் திரும்பிப் போயிற்று. ஒன்றுகூடச் சாகவில்லை. அம்மாவிடம் சொன்னான். "எறும்புக்கா வச்சா? ஒனக்குத்தான வச்சா. அது ஆள் பேரச் சொல்லி வைக்கிறது" என்றாள். எதைச் சொன்னாலும் அம்மாவின் கேஸ் இன்னும் பலமாகத்தான் ஆகிறது. அது ஒன்றுதான் அவனுக்கு உறுத்தியது. டாக்டரம்மா தெரியாது என்றார். சாத்தூர்க்காரிக்கு எல்லாம் தெரியும். அம்மாவுக்கு எல்லாம் தெரியும். எல்லாம் தெரிந்தவர்கள் சொன்னதைக் கேட்டு முப்பது நாள் ஆகிறது, இன்றைக்குக் காலையில் மட்டும் ஆறு தடவை.

ஆறாவது தடவை வெறும் ரத்தம். அதை அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால், பார்த்தியா வேர் அறுகிறது என்பாள். தண்ணி ஊற்றி, பிரஷ்ஷால் தேய்த்து, சோப்புப் பொடி போட்டு, திருடன் மாதிரி வெளியே வந்தான். இப்போது அந்தச் சிவப்பு வெயிலில் கண்ணை மூடினாலும் இமைக்குள்ளேயே தெரிகிறது. புதன்கிழமை மதுரையில் டாக்டர் வரச் சொன்ன தேதி. போன தடவையே சொல்லிவிட்டார், மாத்திரையை விட்டுவிட்டு அடங்காமல் போனால் ஆஸ்பத்திரியில் படுக்கணும், அதற்கும் அடங்காவிட்டால் குடலையே எடுக்கணும், வயிற்றில் ஓட்டை போட்டுப் பை கட்டுவார்கள். பை. பதினெட்டு வயசில் வயிற்றில் பை. அம்மா புதன்கிழமையைக் காலண்டரிலேயே கிழித்துவிட்டாள், நாலு நாளை ஒன்றாகச் சேர்த்து. இன்றைக்குச் சாயங்காலம் நாலு மணி பஸ்ஸுக்குச் சாத்தூர். மறுபடி குழாய். மறுபடி உப்பின கன்னம். பஸ்ஸில் ஒன்றேகால் மணி நேரம், நடுவில் கக்கூஸ் உள்ள இடம் ரெண்டு, ஒரு பெட்ரோல் பங்க், ஒரு கல்யாண மண்டபம், அதுவும் விசேஷம் இருந்தால்தான் திறந்திருக்கும். இதை யாரிடமும் சொல்ல முடியாது. மற்ற பையன்களுக்கு ஊர் என்றால் தியேட்டர், டீக்கடை, பொம்பளைப் பிள்ளைகள் நிற்கிற பஸ் ஸ்டாப். அவனுக்கு ஊர் என்றால் கக்கூஸ்களும் நடுவில் இருக்கிற தூரங்களும்தான். இது மாதிரி ஒரு வரைபடம் உலகத்தில் வேறு யார் மண்டையிலும் இருக்காது என்று நினைத்தால் ஒரு பக்கம் அழுகை வந்தது, ஒரு பக்கம் கேவலமான ஒரு பெருமையும் வந்தது.

படியில் செருப்புச் சத்தம். ஏழு முப்பத்தொன்று. அத்தை ஏறி வந்தாள். எப்போதும்போல் கடைசிப் படியிலேயே நின்றுவிட்டாள், மாடிக்குள் ஒரு அடி வைக்கவில்லை. அதையும் அவன் குறித்து வைத்திருந்தான். மனசு சுத்தமாக இருக்கிறவள் எதற்கு ஓடுவதற்குத் தயாராகப் படியிலேயே நிற்கணும்?

"என்னடா, ஒரே மாசத்துல கரிக்கட்டையாயிட்டே" என்றாள்.

"அதுக்குத்தான நிக்கிறேன்."

"நிழலு குட்டையாயிருச்சா, பாத்துக்கிட்டியா?"

நிழல் விஷயம் டாக்டர் அவனிடம் சொன்னது. அம்மாவுக்கே அது தெரியாது. அம்மாவுக்குப் பதினோரு மணி என்பது மட்டும்தான் தெரியும். இவளுக்கு யார் சொன்னது?

"இந்தா. ஆறிப்போச்சு. அடியில தங்கும், ஆட்டிட்டுக் குடி."

நாலு வாரமாக இதே வார்த்தை. அடியில் தங்கும். என்ன தங்கும்? ஜீனி என்றால் கரைந்துவிடாதா? டம்ளரை வாங்கினான். வெது வெதுவென்று இருந்தது. சிரிக்கணும், அம்மா சொன்னபடி, ஆனால் வயிறு அந்த நேரம் பார்த்து ஒரு திருகு திருகியது, குனிந்துவிட்டான், மூக்கு டம்ளருக்கு மேலே போய் நின்றது. அந்த வாசம். ஏலக்காய் மாதிரி, ஆனால் ஏலக்காய் இல்லை. கப் ஐஸ்கிரீம் மூடியைப் பிரித்து உள்பக்கம் நக்கினால் வருமே, அது மாதிரி ஒரு வாசம். இதை எங்கேயோ, எங்கேயோ என்று மண்டை தேடியது. தேடினது கிடைத்துவிட்டது. முதல் ரெண்டு ஞாயிறு. அம்மா குப்பையில் போடுவதற்கு முன்னால் அவன் பிரித்துக் குடித்த ரெண்டே ரெண்டு பொடி. நாக்கில் மணல் மாதிரி நெரநெரவென்று, இதே வாசத்தோடு.

"என்னத்தக் கலந்திருக்கீங்க?" என்று பட்டென்று கேட்டான்.

அத்தை முதலில் படியைத் திரும்பிப் பார்த்தாள். கீழே அடுப்படியில் குக்கர் விசில் அடித்தது. பிறகு அவனைப் பார்த்தாள்.

"கலந்துதான் இருக்கு" என்றாள். "ஒங்கம்மா சொல்றது பொய்யில்ல."

"குப்பையிலேர்ந்து எடுத்தீங்களா?"

"பின்ன, காசு போட்டு வாங்கினத எறும்புக்கா போடச் சொல்ற? கடைசியில எறும்புக்குத்தான் போச்சு. நாலு பொடி. டேங்குக்குப் பின்னாடி போயிப் பாத்தேன், கல்யாணப் பந்தி மாதிரி வரிசையா நிக்குதுக."

"தெரிஞ்சுமா கொண்டாந்தீங்க?"

"ஒரு வாரமாச்சும் ஒனக்குச் சோம்பேறித்தனம் வந்து, நடந்து போயி ஊத்துறதுக்குக் குடிச்சே தொலைக்கலாம்னு தோணாதான்னுதான்."

அவனுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கினான். சிரிக்க வைக்கிறவர்களைத்தான் அதிகம் சந்தேகப்படணும். டாக்டர் கையில் ஒரு படம் இருந்தது. சாத்தூர்க்காரி வாயில் ஒரு உருண்டை இருந்தது. இவளிடம் ஒரு டம்ளர். ஆளாளுக்குக் கையில் ஒன்று வைத்துக்கொண்டு நம்பு நம்பு என்கிறார்கள். குப்பையில் கிடந்த பொடிதான் என்று இவள் சொல்கிறாள், பொடியோடு வேறு எதுவும் இல்லை என்று யார் சொல்வது? மாத்திரை எங்கே என்று கேட்டான்.

"எங்கிட்டதான் இருக்கு, மிஷின் டிராயர்ல. அத நுணுக்கக் கூடாது, முழுசாத்தான் முழுங்கணும். இல்லேன்னா அதையும் கலந்திருப்பேன்." வெட்கமே இல்லாமல் சொன்னாள்.

"அது முழுசா வெளிய வருது. ஒண்ணும் வேலை செய்யல."

"மேல் தோடுதான்டா வரும். உள்ள இருந்தது உள்ளயே போயிருக்கும். மொதத் தடவை பாத்துட்டு நானும்..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள். இஞ்சி டேப்பின் முனையை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள். "காலையில எத்தன தடவை?"

"ஆறு."

"வெறும் ரத்தமா? இல்ல சளி சளியாவா?"

பிரசன்னா அவளையே பார்த்தான். அப்படி ஒரு கேள்வியை அந்த டாக்டரைத் தவிர உலகத்தில் ஒருத்தரும் அவனிடம் கேட்டதில்லை. பெத்த அம்மா கேட்டதில்லை. "உங்களுக்கு எப்படி" என்று வாயெடுத்தான், எடுக்கும்போதே முறுக்கு வந்துவிட்டது, இது மூச்சு வாங்குகிற முறுக்கு இல்லை, நிஜமானது. தொடைகளை ஒட்டிக்கொண்டு நின்றான். டம்ளரில் பால் தளும்பியது.

அத்தை அவன் முகத்தைப் பார்க்கவில்லை, முழங்காலைப் பார்த்தாள். உடனே படியில் ஒதுங்கி வழி விட்டாள். "போறதுன்னா இப்பவே போ. இருபத்திரண்டு படி. சேந்திருவ. தாழ்ப்பாளத் தூக்கித் தள்ளு, இழுக்காத, இழுத்தாத்தான் இறுகும்."

இருபத்திரண்டு. ஒருத்தரும் சொந்த வீட்டுப் படியை எண்ண மாட்டார்கள். அம்மாவைக் கேட்டால் இருபதோ என்னவோ என்பாள். அப்பா தானே நின்று கட்டின படி, அவருக்கே தெரியாது. தாழ்ப்பாளை எப்படித் தள்ளினால் எத்தனை விநாடி மிச்சம் என்று தெரிந்து வைத்திருக்க ஒரே ஒரு காரணம்தான் உண்டு. முறுக்கு கொஞ்சம் கொஞ்சமாகத் தணிந்தது. அது தணிய ஆரம்பித்ததும் மற்றதெல்லாம் மண்டைக்குள் தடதடவென்று இடம் மாறி உட்கார்ந்தன, வாசல் பக்கத்து நாற்காலி, பந்தியில் தொடாத இலை, நடுவில் காணாமல் போவது, கடைசிப் படியைத் தாண்டி உள்ளே வராதது, எட்டு மாசம். எட்டு மாசம் அந்த வீட்டில் எத்தனை படி இருந்ததோ. அவர்கள் வீட்டில் கக்கூஸ் தோட்டத்துக்கு அந்தக் கடைசியில் இருந்ததாக எப்போதோ அப்பா சொல்லியிருக்கிறார். இதே வரைபடம் கீழே பின்கட்டில், தையல் மிஷினுக்கு முன்னால், இத்தனை வருஷமாக இன்னொரு மண்டையிலும் இருந்திருக்கிறது.

"அம்மாகிட்ட சொல்லலாமில்ல அத்தை. உங்களுக்கும் இருக்குன்னு."

"சொல்லி? எனக்கும் இருக்குன்னா எங்கிட்டேர்ந்துதான் ஒட்டுச்சும்பா. அப்புறம் ஒன்ன இந்த வீட்டுலயே வச்சிருக்க மாட்டா." சிரித்தாள், சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. "ஒங்கப்பனுக்கே தெரியாதுடா. கூடப் பொறந்தவன். அவன்கிட்ட என்னன்னு சொல்றது? புதன்கெழமை நான் வேணும்னா கூட வர்றேன். மதுரைக்கு எந்தெந்த எடத்துல எறங்கலாம்னு எனக்குத் தெரியும். வர்றதும் வராததும் ஒன் இஷ்டம்." திரும்பி இறங்கினாள். பாதியில் நின்று, மேலே பார்க்காமலே, "ஆட்டிட்டு" என்றாள்.

மிஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது. ரெண்டு நாற்பது. டம்ளரோடு டேங்குக்குப் பின்னால் போனான். பழக்கம், கால் தானாகப் போயிற்று. எறும்புகள் ஏற்கெனவே வந்துவிட்டிருந்தன, போன வாரத்துக் கறையைச் சுற்றி, ஞாயிற்றுக்கிழமை என்று அவற்றுக்கும் தெரிந்த மாதிரி. இப்போதும் அவன் முழுசாக நம்பிவிடவில்லை. படியை எண்ணுவதற்கு வேறு காரணமும் இருக்கலாம். அவனைப் படிக்கட்டில் தினமும் ஒளிந்திருந்து பார்த்திருக்கலாம். எட்டு மாசக் கதையைக்கூட இப்போதுதான் கட்டியிருக்கலாம், கட்டினவள் இவள் இல்லை, அவனேதான், அவள் பாதிதான் சொன்னாள். கதை என்றால் யாருடைய கதையும் பொருந்தத்தான் செய்யும். ஆனால் சளி சளியாவா என்று கேட்டபோது அவள் மூக்கைச் சுளிக்கவில்லை. அதை யாராலும் நடிக்க முடியாது. முயற்சி பண்ணின எத்தனையோ பேரை அவன் பார்த்திருக்கிறான்.

"ஆச்சாடா?" என்று கீழேயிருந்து அம்மா குரல் கொடுத்தாள். "அவ வந்துட்டுப் போனாளா? சொன்னபடி செஞ்சியா?"

செல்போன் கத்தியது, இருபது நிமிஷம் முடிந்தது என்று. அணைத்தான். டம்ளரை ஒரு தடவை ஆட்டினான். அடியில் தங்கியிருந்தது சுழன்று மேலே வந்தது, வெள்ளையாக, பொடிப்பொடியாக. சிரித்துக்கொண்டே வாங்கிக்கோ, டேங்குக்குப் பின்னால ஊத்து, டம்ளரக் கழுவு. அம்மா சொன்னது இவ்வளவுதான். வாங்கியாயிற்று. சிரிப்பும் கடைசியில் ஒரு மாதிரி வந்தது. டம்ளரை டேங்குக் குழாயில் ரெண்டு தடவை கழுவினான், பல்லில் நெரநெரத்ததை நாக்கால் துழாவிக்கொண்டே, எறும்புகள் ஈரத் தரையில் சுற்றிச் சுற்றித் தேடுவதைப் பார்த்துக்கொண்டே. ஊற்றவில்லை.